சென்னையில் சாலைச் சுரங்கம்: மண், மரம், மழை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை வலுத்தால் சென்னையில் எல்லோரும் முதலில் விசாரிப்பது சப்வேக்களைப் பற்றித்தான். தி.நகர் துரைசாமி, வியாசர்பாடி கணேசபுரம், எழும்பூர் கெங்குரெட்டி, சைதாப்பேட்டை அரங்கநாதன் என்று அந்தப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சப்வேக்கள் பல மூடிக் கிடந்தன. இவை ரயில் தண்டவாளத்தைக் கடக்க மட்டும் தோண்டியவை. இதே ஊரில் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் ஓடும் சாலைச் சுரங்கம் கட்டுவதென்றால், அதன் வாயில், கூரை, சுற்றியுள்ள மண், மரம், காற்று எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டும்.

நடப்பது வேறு. தடம் முடிவாகி, தூண் எங்கே, சுவர் எங்கே என்று வரைபடம் முடிந்த பிறகுதான் மரம், மண், வடிகால் எல்லாம் திட்டமிடும் நிலவடிவமைப்பாளரைக் கூப்பிடுகிறார்கள். அப்போது அவருக்கு மிச்சம் இருப்பது புல்லும் பூந்தொட்டியும்தான். தடத்தைப் பத்து மீட்டர் தள்ளியிருந்தால் ஒரு வரிசை மரங்கள் பிழைத்திருக்கும் என்று அவர் சொன்னாலும் அதற்குள் காலம் கடந்திருக்கும். என்னைக் கேட்டால் மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து வருபவை.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். சுரங்கத்துக்குள் இறங்கும் சரிவுப்பாதை 200 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. மழை கொட்டினால், அந்தச் சரிவில் நேராக விழும் தண்ணீர் மட்டும் 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி பதினேழு வந்து கொட்டுவதற்குச் சமம். பக்கத்துத் தெருத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வந்தால் எந்த மோட்டாரும் தாங்காது. அதனால் சாலை கீழே இறங்குவதற்கு முன் சற்று மேலேறி, ஒரு மேட்டைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மெட்ரோ நிலைய வாசல்களில் முதலில் படியேறிவிட்டுப் பிறகு இறங்குகிறோமே, அதே காரணம்தான்.

மேடு வைத்தால் போதுமா? போதாது. சென்னையில் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மேற்கு மாம்பலம் போன்ற இடங்களில் வீட்டு வாசல்கள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021ல் அரசே அறிவுறுத்தியது. சுற்றியுள்ள தெருக்கள் உயர உயர, இன்று பாதுகாப்பாக இருக்கும் மேடு பதினைந்து வருடத்தில் பள்ளமாகிவிடும். மேட்டின் உயரத்தை 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற மட்டத்தை வைத்து முடிவு செய்து, அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பம்புக்கான ஜெனரேட்டரும் மின்பலகையும் அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டெல்லி பிரகதி மைதான் சுரங்கத்தை 2022 ஜூனில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு மழைக்கே தண்ணீர் புகுந்து மூட வேண்டியதாயிற்று. தென்கொரியாவின் ஓசோங்கில் 2023 ஜூலையில் ஆற்றங்கரை உடைந்து சுரங்கப்பாதைக்குள் வெள்ளம் பாய்ந்ததில் 14 பேர் இறந்தார்கள்.

கோலாலம்பூரில் வெள்ளநீரையும் கொண்டுபோகும் சாலைச் சுரங்கம் 2007லிருந்து இருக்கிறதே, அதையே இங்கே கட்டலாமே என்பார்கள். அப்படியே நகலெடுப்பதும் தவறு. நம் ஊர் சராசரியாகக் கடல்மட்டத்திலிருந்து ஆறேழு மீட்டர் உயரம்தான். கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் கூவமும் அடையாறும் தண்ணீரைச் சுலபமாக வெளியே விடாது. உள்ளே வாங்கிய தண்ணீரை எங்கே, எப்போது இறக்குவது என்பதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டும்.

அடுத்தது கூரை. வெட்டி மூடும் முறையில், அதாவது மேலிருந்து பள்ளம் தோண்டி, கட்டி, கூரை போட்டு மூடும் சுரங்கத்தின் மேல் பூங்கா வரும் என்று படம் காட்டுவார்கள். படத்தில் ஆலமரம் போல ஒன்று நிற்கும். புல்லுக்கு ஓரடி மண் போதும், புதருக்கு இரண்டடி. நிழல் தரும் மரத்துக்கு நாலைந்து அடியாவது வேண்டும். ஈர மண்ணின் எடையைக் கணக்குப் போட்டால், ஐந்தடி மண் என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 டன். கூரைப் பலகையை வடிவமைக்கும் பொறியாளருக்கு இது முதல் நாளே தெரிய வேண்டும். கட்டி முடித்த பிறகு தெரிந்தால் மரம் போய்ப் புல்தரைதான் வரும். அந்தப் புல்லும் அக்கினி நட்சத்திரத்தில் கருகும், ஏனென்றால் கான்கிரீட்டுக்கு மேலே இருக்கும் மண்ணுக்கு அடியிலிருந்து ஈரம் ஏறி வராது. மழைக்காலத்தில் அதே மண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மண்ணுக்குக் கீழே வடிகால் அடுக்கும், வேர்த் தடுப்பும், சொட்டுநீர்க் குழாயும் இல்லாத கூரைப் பூங்கா இரண்டு கோடை தாங்காது. எல்லா இடத்திலும் ஐந்தடி போட முடியாவிட்டால் பரவாயில்லை. தூண், சுவர் வரும் இடங்களில் எடையைத் தாங்கலாம்; மண்ணை அங்கே குவித்து மரத்தை அங்கே வைக்கலாம். மிச்சத்தில் நந்தியாவட்டை, பவழமல்லி, அரளி.

எந்த மரம் என்பதிலும் கவனம் வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் நல்ல பாடம் நடத்தியது. சீக்கிரம் வளர்ந்து பூத்து நின்ற குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சரிவுப்பாதையின் மேலே அப்படிப்பட்ட மரத்தை நடுவது ஆபத்து. இன்னொன்று, அதன் இலையும் பூவும் நேராக வடிகால் கம்பிச்சட்டத்தில் போய் அடைக்கும். ஈரப் பூவிதழில் டூவீலர் வழுக்கும். வாயிலை ஒட்டி ஒரே நாளில் இலை கொட்டாத மகிழம், புன்னை போன்றவை நல்லது. கடற்காற்று அடிக்கும் பக்கம் புன்னையை நம்பலாம். வாயிலுக்கு இருபுறமும் அடர்ந்த பச்சை இருந்தால் வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும் ஓட்டுநரின் கண்ணும் தடுமாறாது. பளிச்சென்ற வெள்ளைச் சுவர் இதற்கு நேர் எதிர்.

நிலத்தடி நீரை மறந்துவிடுவது வழக்கமான தவறு. ஆழமான கான்கிரீட் சுவர் நிலத்தடி ஓட்டத்துக்குக் குறுக்கே அணைபோல நிற்கும். ஒருபக்கம் அடித்தளம் ஊறும், மறுபக்கம் கிணறு வற்றும். கட்டும்போது மாதக்கணக்கில் தண்ணீரை இறைத்தால் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பகுதியில் உப்புநீர் ஏறும் ஆபத்து உண்டு. 2003லிருந்து வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊரில், இறைத்த நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை ஏற்க முடியாது. மண்ணும் ஊருக்கு ஊர் மாறும்: தி.நகர்ப் பக்கம் களிமண், கடற்கரையோரம் மணல், கிண்டியில் பாறை. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் மெட்ரோ பணியின்போது சாலை உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் சிக்கியதை நாம் பார்த்திருக்கிறோம்.

தோண்டிய மண்ணும் கொஞ்சநஞ்சம் அல்ல. 12 மீட்டர் விட்டமுள்ள ஒரு சுரங்கக் குழாய்க்கு ஒரு கிலோமீட்டருக்கே ஒரு லட்சம் கன மீட்டருக்கு மேல் வரும். எங்கே கொட்டுவது என்று டெண்டரிலேயே எழுதாவிட்டால் அது ஏதாவது ஏரிக்கரைக்கோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்துக்கோ போய்ச்சேரும். அப்புறம், ஆழத்திலிருந்து வந்த அந்தக் களியைப் பூங்காவுக்குப் பரப்பக் கூடாது. அதில் செடி வளராது. மேல்மண்ணைத் தனியே எடுத்துக் குவித்து வைப்பதுதான் வழி.

காற்று விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். உள்ளே இருக்கும் விசிறிகள் பெரும்பாலும் புகையை வண்டி போகும் திசையிலேயே தள்ளும். அதனால் வெளியேறும் வாயில்தான் அதிகம் மாசுபடும். அங்கே பஸ் ஸ்டாப்பையோ குழந்தைகள் விளையாடும் இடத்தையோ வைக்கக் கூடாது. மரம் நட்டால் புகை போய்விடும் என்பதும் தப்பு. நெருக்கமான மரக்கூரை புகையைத் தெருவிலேயே பிடித்து வைக்கும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும் ஊர் இது. சுரங்கப் புகையை மேலே விடும் புகைப்போக்கியின் மேற்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இடத்தைக் குறிக்க வேண்டும்.

கடைசியாக, வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற கணக்கு. செனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ நிலையத்துக்காக 2011ல் மூடப்பட்டு, திரும்பத் திறக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குச் செங்கல்பட்டில் நட்ட பத்துக் கன்றால் என்ன பயன்? ஈடு அதே வட்டாரத்தில், முடிந்தால் அதே தெருவில் இருக்க வேண்டும். இடுப்பளவு கன்று நட்டால் மாடும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். பத்தடிக்கு மேல் வளர்ந்தது வேண்டுமென்றால் நர்சரியில் மூன்று நான்கு வருடம் வளர்க்க வேண்டும். சுரங்கம் கட்டி முடிக்கவும் அதே அளவு காலமாவது ஆகும். ஆகவே கன்றுகளுக்கான ஆர்டரை, முதல் தடுப்பு வேலி போடும் மாதத்திலேயே, மூன்று வருடப் பராமரிப்புப் பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.