ஓசிடி செக்கிங்ல இருந்து அடுத்த வேலைக்கு நகர எனக்கு உதவினது

எனக்கு ஓசிடி, அதாவது வேண்டாத சந்தேகம் வந்துக்கிட்டே இருக்கும், அதத் தணிக்க ஒரே செயலத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கற மனநலப் பிரச்சனை. ஒரு மெயில் அனுப்பணும்னா திரும்பத் திரும்பப் படிப்பேன், அனுப்பின பிறகும் திறந்து பாப்பேன், அடுத்த வேலைக்கு மனசு நகரவே நகராது. ஞாபக சக்திதான் போச்சோன்னு பயந்தேன். தெரபிஸ்ட் சொன்னது வேற: ஞாபகம் நல்லாத்தான் இருக்கு, செக் பண்ணப் பண்ண அதுமேல இருக்கற நம்பிக்கைதான் கரையுது. 2003ல வந்த ஒரு ஆய்வுல, ஓசிடி இல்லாதவங்களையே கம்ப்யூட்டர்ல ஒரு கேஸ் ஸ்டவ்வ திரும்பத் திரும்ப செக் பண்ண வச்சிருக்காங்க, அவங்களுக்கும் ஞாபகம் மங்கலாத்தான் பட்டுச்சாம்! இது எனக்கு எவ்ளோ பெரிய நிம்மதின்னு சொல்ல முடியாது.

அப்புறம் ஈஆர்பி, அதாவது பதட்டம் தர்ற விஷயத்த நேரா சந்திச்சுட்டு, செக் பண்ணாம இருக்கப் பழகற தெரபி. ஒரே தடவை படிக்கணும், அனுப்பணும், திறக்கக் கூடாது. பதட்டம் எகிறும், அதோடயே அடுத்த வேலைய தொடணும், அந்த வேலை என்னன்னு முன்னாடியே பேப்பர்ல எழுதி வச்சுடுவேன், ஏன்னா அந்த நேரத்துல முடிவெடுக்கத் தெம்பு இருக்காது. வீட்ல இருக்கறவங்ககிட்ட "எல்லாம் சரியா இருக்கு"ன்னு ஆறுதல் சொல்ல வேணாம்னும் கேட்டுக்கிட்டேன், அதுவும் ஒரு செக்கிங்தான்.