யானை எண்ட்கேம்ல ஒரு சிப்பாய் கம்மியா? டிரா பண்ணா வர்ற அரை பாயிண்ட விட்றாதீங்க

போன மாசம் ஒரு செஸ் டோர்னமெண்ட்ல எங்க கிளப் தம்பி ஒருத்தன் யானை எண்ட்கேம்ல (ராஜா, யானை, சிப்பாய் மட்டும் மிஞ்சுற கடைசி கட்டம்) ஒரு சிப்பாய் கம்மியா வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் தாக்குப்புடிச்சான், பாத்துக்கிட்டு நின்ன எனக்கே கை வேர்த்துடுச்சு.

அவன் பண்ணது ஃபிலிடோர் பொசிஷன்னு சொல்ற தற்காப்பு தான். நீங்க கருப்புன்னு வைங்க, எதிராளி சிப்பாய் இ5 (e5) கட்டத்துல, உங்க ராஜா அதுக்கு நேரா இ8ல. உங்க யானைய 6ஆவது வரிசையில நிறுத்திடுங்க, அவ்ளோதான், அவர் ராஜா அந்த வரிசைக்கு ஏறவே முடியாது. ஏ6, பி6ன்னு நகத்திக்கிட்டே பொறுமையா இருங்க. அவர் சிப்பாய இ6க்கு தள்ளுன உடனே யானைய ஏ1க்கு எறக்கிட்டு பின்னாடியில இருந்து செக் வச்சுக்கிட்டே இருங்க, சிப்பாய் முன்னாடி போயிட்டதால அவர் ராஜா ஒளிய எடமே கெடையாது. அவர் தள்ளுறதுக்கு முன்னாடியே எறங்கிடாதீங்க, நெறைய பேர் தோக்குறது அங்கதான்.

அடுத்தது டிரா கேக்குறது. மூணு செக் குடுத்தா டிரான்னு ஒரு ரூலும் கெடையாது! அதே பொசிஷன், அதே ஆள் ஆட வேண்டிய முறையோட, மூணு தடவ வரணும், அடுத்தடுத்து வரணும்னு கூட இல்ல. உங்க மூவால மூணாவது தடவ வரப்போகுதுன்னா காய தொடாதீங்க, மூவ ஸ்கோர்ஷீட்ல (மூவ் எழுதுற தாள்) எழுதுங்க, கிளாக்க நிறுத்துங்க, ஆர்பிட்டர (நடுவர) கூப்புடுங்க. நம்ம தம்பி சந்தோஷத்துல காய நகத்தி கிளாக்கையும் அமுக்கிட்டு கைய தூக்கிட்டான், செல்லாதுன்னுட்டாங்க, மொகமே வாடிப்போச்சு. நல்லவேளை அதே பொசிஷன் திரும்ப வந்துச்சு, இந்த தடவ எழுதிட்டு கேட்டான், குடுத்துட்டாங்க. தப்பா எண்ணி கேட்டா எதிராளிக்கு 2 நிமிஷம் கூடுதலா போயிடும், அதனால ஸ்கோர்ஷீட்ட ஒழுங்கா எழுதுங்க. அஞ்சு தடவ வந்துட்டா மட்டும் யாரும் கேக்க வேணாம், தானாவே டிரா.

பேசி டிரா கேக்குறதா இருந்தா மொதல்ல மூவ் ஆடுங்க, அப்புறம் கேளுங்க, அப்புறம் கிளாக்க அமுக்குங்க, ஷீட்ல சமக்குறி போடுங்க. அவர் யோசிக்கிற நேரத்துல கேக்காதீங்க, வேணாம்னா சும்மா சும்மா திரும்ப கேக்காதீங்க, தொந்தரவுன்னு ஆர்பிட்டர் கண்டிப்பாரு. உங்கள்ட்ட கேட்டாங்கன்னா உடனே கை குடுக்கணும்னு இல்ல, உங்க நேரத்துல நல்லா யோசிச்சுட்டு சொல்லுங்க.