டிஸ்க் ஆபரேஷனுக்குப் பின் கட்டிலை விட்டு எழுவது எப்படி?

எனக்கு கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே மைக்ரோடிஸ்கெக்டமி நடந்தது. டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு; அது பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, பிதுங்கிய துண்டைச் சிறு கீறல் வழியாக எடுக்கும் ஆபரேஷன் இது. தழும்பு ஓர் அங்குலம் இருக்கும். அதைப் பார்த்து "இவ்வளவுதானா!" என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு. மேல்தோல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே டிஸ்க்கின் உறை ஆற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் குனிந்தாலோ, இடுப்பைத் திருகினாலோ, கனம் தூக்கினாலோ மிச்சமிருக்கும் ஜவ்வு மறுபடி பிதுங்கி நரம்பை அழுத்தக்கூடும்.

1. டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வீட்டைத் தயார் செய்யுங்கள். பாயில் படுக்க வேண்டாம், கட்டில்தான். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையா? கமோடு நாற்காலி வாங்குங்கள். குளிக்கிற வாளியை ஸ்டூல்மேல் வையுங்கள்.

2. எழுவது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இரண்டாம் நாள் விடிகாலை, பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கி நேராக எழப் பார்த்தேன். உயிரே போய்விட்டது. சரியான முறை இது: மல்லாந்தபடியே இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாக, அம்மிக்குழவி உருளுவதுபோல, கட்டில் ஓரம் பார்த்துப் புரளுங்கள். அப்புறம் கால்களைக் கீழே இறக்கும் அதே நேரத்தில் முழங்கையையும் மறு உள்ளங்கையையும் ஊன்றி உடம்பைத் தள்ளுங்கள். காலின் கனமே உங்களைத் தூக்கிவிடும். நான் முதலில் காலை இறக்கி, பிறகு கையை ஊன்றினேன். நடுவில் இடுப்பு திருகிக்கொண்டது. மூச்சை அடக்காதீர்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்றால் தொடை பலத்தில் நில்லுங்கள். படுப்பதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

3. கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை நடங்கள். எனக்கு ஒரு தடவைக்கு 20 நிமிடம்தான் உட்கார அனுமதி. போனில் அலாரம் வைத்துக்கொண்டேன். சோபா பக்கமே போகாதீர்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஈடில்லை.

4. டிரமடால் மாதிரி வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தரும். முக்கினால் முதுகு பதில் சொல்லும். இளக்கும் மருந்தை டாக்டரிடம் முதல்நாளே கேட்டுவிடுங்கள்.

வாங்கியதில் உருப்படியானது, கீழே விழுந்ததை எடுக்கும் நீளக்கைப் பிடிதான். இடுப்பு பெல்ட் எனக்குத் தேவையில்லை என்றார் டாக்டர். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: காரில் ஏறுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள்.

இன்னொருவர் அப்பாவுக்கு மூன்றாம் நாள் சிறுநீர் வரவில்லை, "காலையில் பார்க்கலாமா?" என்றார். கூடாது. சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமை, காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு எதுவானாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.