வைப்பர் ஓடவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன்னும் பின்னும்

வைப்பர் நின்றுபோனால் மோட்டார் போய்விட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதி நேரம் பழுது வேறெங்கோ இருக்கும். ஸ்பானரை எடுக்கும் முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

கண்ணாடியை நனைத்துவிட்டு, சாவியை ஆன் நிலையில் வைத்து வைப்பர் சுவிட்சைப் போடுங்கள். சில கார்களில் பானெட் திறந்திருந்தால் வைப்பர் ஓடாது. அதனால் மூடியே சோதியுங்கள். கண்ணாடிக்கு அடியிலிருந்து மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறது, பிளேடு மட்டும் அசையவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நின்றிருந்தால் அந்த வைப்பர் ஆர்மின் (பிளேடைத் தாங்கும் கையின்) நட்டு தளர்ந்திருக்கும், அல்லது ஆர்ம் துளையின் பற்கள் மழுங்கியிருக்கும். இரண்டும் நின்றிருந்தால் மோட்டார் தண்டிலுள்ள கிராங்க் என்ற சிறு கைப்பட்டையின் நட்டு கழன்றிருக்கலாம். மோட்டாரின் அசைவை ஆர்ம்களுக்குக் கொண்டுசெல்லும் கம்பிகளான லிங்கேஜின் பந்து மூட்டிலிருந்து பிளாஸ்டிக் புஷ் (மூட்டின் உறை) தெறித்திருக்கலாம்.

சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 15 முதல் 30 ஆம்பியர் வரை இருக்கும். எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸைத்தான் போட வேண்டும். பெரியது போட்டால் அடுத்து எரிவது வயர். புதியதும் எரிகிறதா? மோட்டாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டு சுவிட்சைப் போடுங்கள். அப்போதும் எரிந்தால் வயரிங்கில் ஷார்ட். எரியவில்லை என்றால் மோட்டாரோ, இறுகிப்போன லிங்கேஜோதான் காரணம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மல்டிமீட்டர் வேண்டும். கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு வோல்டேஜ் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. களிம்பு பிடித்த வயரும் லோடு இல்லாதபோது 12 வோல்ட் காட்டும். மோட்டார் இழுக்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். ஆகவே கனெக்டரை மாட்டியபடியே, அதன் பின்பக்கமாக மீட்டரின் சிவப்பு ஊசிமுனையை நுழைத்து அளவிடுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில் இருக்கட்டும். வழக்கமான மோட்டாரின் கனெக்டரில் மெதுவேகத்துக்கு ஒரு பின் (உலோக முனை), அதிவேகத்துக்கு ஒரு பின், பிளேடைக் கீழே கொண்டுவந்து நிறுத்தும் பார்க் சுவிட்சுக்கு ஒன்றிரண்டு, பிறகு எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) இருக்கும். எர்த் மோட்டாரின் உடல் வழியாகவும் போகலாம். எது எது என்பதை அந்தக் காரின் வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவேகத்தில் சுவிட்சை வைத்தால் அந்தப் பின்னில் ஏறக்குறைய பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். வரவில்லை என்றால் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு பெட்டி), சுவிட்ச், வயர் ஆகியவற்றைத் தேடுங்கள். வருகிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சுவிட்ச் போட்ட நிலையிலேயே மோட்டாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளவிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எர்த்தும் சரியாக இருந்து, லிங்கேஜைக் கழற்றிய பின்னும் சுற்றாவிட்டால் மோட்டார்தான்.

சில அறிகுறிகள் நேராகவே காட்டிக்கொடுக்கும். ஒரு வேகம் மட்டும் இல்லை, அந்தப் பின்னுக்கு மின்சாரம் வருகிறது என்றால் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களில் அதற்குரியது தேய்ந்துவிட்டது. மோட்டாரைத் தட்டினால் ஓடி, பிறகு நிற்கிறது என்றாலும் பிரஷ்தான். சுவிட்சை அணைத்த இடத்திலேயே, கண்ணாடியின் நடுவில் பிளேடு நிற்கிறதா? அணைத்த பிறகும் பிளேடு கீழே வரும்வரை மின்சாரம் தருவது மோட்டாரின் பல்சக்கரப் பெட்டிக்குள் இருக்கும் பார்க் சுவிட்ச். அதன் தகடு தேய்ந்திருக்கும், அல்லது அதற்கு வரும் மின்சாரம் அறுந்திருக்கும்.

மெதுவாக இழுத்து இழுத்து ஓடினால் கிராங்கிலிருந்து லிங்கேஜைப் பிரித்து ஆர்ம்களைக் கையால் அசையுங்கள். கனமாக இருந்தால் ஆர்ம்கள் அமரும் தண்டுகளின் புஷ்ஷில் துரு ஏறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது மோட்டார் போட்டால் அதுவும் இதே கதிக்கு ஆளாகும்.

கட்டுப்பாட்டுப் பலகை உள்ளேயே இருக்கும் புதிய வகை மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கக் கூடாது. பலகை எரியக்கூடும். அதற்குக் காரின் கணினியுடன் பேசும் ஸ்கேனர்தான் வழி.

மாற்றும் வேலை

புது மோட்டாரை வாங்கும்போது பழையதன் பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடலானாலும் ஸ்டியரிங் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைப் பொறுத்து மோட்டார் மாறலாம்.

பிளேடுகள் ஓய்ந்து நிற்கும் இடத்தில் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தப்பித்தவறி மோட்டார் ஓடினால் லிங்கேஜ் விரலை நசுக்கிவிடும். ஆர்மின் மூடியை எடுத்து நட்டைக் கழற்றி, ஆர்மை இப்படியும் அப்படியும் அசைத்து எடுங்கள். வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், அல்லது சிறிய புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டுங்கள். சுத்தியலால் அடித்தால் அடி தண்டின் புஷ்ஷில் இறங்கும்.

கண்ணாடியின் அடியில் ஓடும் பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளை நிதானமாகக் கழற்றுங்கள். வெயிலில் கிடந்தவை படக்கென்று உடையும். கனெக்டரை உருவி, போல்ட்களைக் கழற்றினால் மோட்டாரும் லிங்கேஜும் பெரும்பாலான கார்களில் ஒன்றாக வெளியே வரும்.

இனிமேல்தான் கவனம் தேவை. கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மோட்டாரைத் தாங்கும் தகட்டில் கோடு போட்டு, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்கின் நட்டைத் திருகும்போது கிராங்கை இன்னொரு ஸ்பானரால் அசையாமல் பிடியுங்கள். இல்லையென்றால் முழு விசையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் விழுந்து பல் உடையும். திரும்ப முடுக்கும்போதும் இதே பிடிதான்.

புது மோட்டாரைத் தகட்டில் பொருத்தியதும் கிராங்கை மாட்ட அவசரப்படாதீர்கள். பேட்டரியையும் கனெக்டரையும் இணைத்து ஒருமுறை ஓடவிட்டு அணையுங்கள். தண்டு தன் பார்க் நிலையில் வந்து நிற்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முன்பு போட்ட கோட்டுக்கு நேராகக் கிராங்கை மாட்டுங்கள். இந்தப் படியைத் தாண்டியவர்களின் வைப்பர்தான் பானெட்டில் மோதும், அல்லது கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் அடிக்கும்.

தொகுப்பைக் காரில் ஏற்றி, பந்து மூட்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்து, கனெக்டரையும் பேட்டரியையும் இணைத்து, ஆர்ம் இல்லாமலே எல்லா வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். தண்டுகள் நின்ற பிறகு டேப் அடையாளத்துக்கு நேராக ஆர்ம்களை மாட்டி, காரின் கையேடு சொல்லும் அளவுக்கு நட்டுகளை முடுக்குங்கள். கண்ணாடியை நனைத்த பிறகே சோதியுங்கள்.

பிளாஸ்டிக் மூடியை மாட்டும் முன் அடியிலுள்ள பள்ளத்திலிருந்து இலை தழைகளை அள்ளி எடுங்கள். வடிகால் அடைத்து அங்கே தேங்கும் தண்ணீர்தான் பல மோட்டார்களைத் தீர்த்துக்கட்டுகிறது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சக்கரத்தின் அருகே வழிந்து வெளியே வந்தால் மூடியை மாட்டிவிடலாம்.