துணி சூடாக இருக்கிறது, ஈரம் போகவில்லை: டிரையரில் எங்கே பார்ப்பது?

டிரையரில் ஒரு மணி நேரம் சுற்றிய துணி ஈரமாகவே வந்தால், ஹீட்டர் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் ஹீட்டர் நன்றாகவே இருக்கும். சூடு மட்டும் துணியைக் காயவைப்பதில்லை. சூடான காற்று துணியிலுள்ள நீரை வாங்கிக்கொண்டு டிரம்மை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் துணி ஆவி பறக்க, ஈரத்தோடே கிடக்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், ஓட்டம் முடிந்ததும் கதவைத் திறந்து துணியைத் தொட்டுப் பாருங்கள். சூடும் ஈரமுமாக இருந்தால் காற்றோட்டத்தில் அடைப்பு. சில்லென்று ஈரமாக இருந்தால் சூட்டில் கோளாறு. சீக்கிரமே "காய்ந்துவிட்டது" என்று மெஷின் நின்றுபோயிருந்தால் சென்சார்.

இந்த மூன்றுக்கும் முன்னால் வாஷிங் மெஷினைச் சந்தேகப்படுங்கள். 4 கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 1400 சுற்றில் பிழிந்தால் ஏறக்குறைய 2 லிட்டர் நீர் அதில் தங்கும். 800 சுற்றில் 2.8 லிட்டர் வரை தங்கும். துவைப்பதற்கு முன்பும் ஸ்பின் முடிந்த பிறகும் துணியை எடை போட்டுப் பாருங்கள். கூடிய எடை, காய்ந்த துணியின் எடையில் முக்கால் பங்கைத் தாண்டினால் டிரையர் மேல் குற்றமில்லை. ஒற்றைப் போர்வையைத் தனியாகப் போட்டால் அது ஒரு பக்கமாக உருண்டு சேர்ந்துகொள்ளும்; மெஷின் ஆட்டம் காணாமலிருக்க வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூட இரண்டு துண்டுகளைப் போட்டு மறுபடி ஸ்பின் கொடுங்கள். வடிகால் ஃபில்டரையும் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்தது டிரையரின் பஞ்சு வலை. ஒவ்வொரு முறையும் பஞ்சை உரித்துவிடுகிறோம் என்பது போதாது. டிரையரில் துணியோடு வாசனைத் தாள் போடும் வீடுகளில் வலைமேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் படியும். வலையைக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். நீர் உடனே இறங்காமல் மேலே தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். முழுக்கக் காய்ந்த பிறகே திரும்பச் செருகுங்கள்.

காற்றை வெளியே தள்ளும் வகை டிரையர் என்றால் அதிகம் கவனிக்க வேண்டியது குழாய். மின்சார டிரையராக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம்: பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கக் குழாயைக் கழற்றி, பிளக்கை மாட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து ஒருமுறை ஓட்டுங்கள். துணி சட்டென்று காய்ந்தால் அடைப்பு குழாயில்தான். எரிவாயு டிரையரில் இதைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறையும்.

பெரும்பாலும் குற்றவாளி மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் அல்லது ஃபாயில் குழாய்தான். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது அது நசுங்கும், ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு பிடிக்கும், அந்தப் பஞ்சு தீப்பிடிக்கவும் செய்யும். 4 அங்குல விட்டமுள்ள வழவழப்பான உலோகக் குழாய்க்கு மாற்றுங்கள். அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதி பொதுவாக 35 அடி நீளம் வரைதான் அனுமதிக்கிறது. சாதாரண 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும். இணைப்புகளில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு கூடாது. வெளிவாயில் கம்பி வலையும் கூடாது. இரண்டும் பஞ்சைப் பிடிக்கும். டிரையர் ஓடும்போது வெளியே போய்ப் பாருங்கள், மூடி நன்றாகத் திறந்து காற்று பலமாக அடிக்க வேண்டும். டொரண்டோ போன்ற குளிர் ஊர்களில் சூடில்லாத பரண் வழியாகப் போகும் குழாயில் ஆவி குளிர்ந்து நீராகி, தொய்ந்த இடத்தில் தேங்கும். அங்கே குழாய்க்குக் காப்புறை சுற்றி, வெளிப்பக்கம் சரிவாக அமைப்பதுதான் தீர்வு.

குழாயே இல்லாமல் அறைக்குள் காற்றை ஊதவிடும் வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. 4 கிலோ துணியிலிருந்து 2 லிட்டருக்கு மேல் நீர் அந்தச் சின்ன அறையின் காற்றில் கலக்கிறது. அதே காற்றையே டிரையர் திரும்ப இழுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது, கதவைச் சாத்திய குளியலறையில் ஓட்டினால் துணியும் காயாது, சுவரும் பூஞ்சை பிடிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழிவிடுங்கள்.

காற்றை வெளியே தள்ளாமல், ஆவியை மெஷினுக்குள்ளேயே நீராக்கும் கண்டென்சர், ஹீட் பம்ப் வகைகளில், அந்த நீர் சேரும் தொட்டியே துப்புச் சொல்லும். துணி காய்ந்தும் தொட்டி காலியாக இருந்தால், நீரை மேலேற்றும் பம்ப் பஞ்சால் அடைத்திருக்கலாம். வடிகால் குழாய் இணைத்திருந்தால் மட்டும் தொட்டி காலியாக இருப்பது இயல்பு. சுவரும் ஜன்னலும் வியர்த்தால் கதவு ரப்பரிலோ, ஆவியை நீராக்கும் பாகமான கண்டென்சர் பொருந்தும் இடத்திலோ ஆவி கசிகிறது. கழற்றக்கூடிய கண்டென்சரை மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். ஹீட் பம்பில் அது பெரும்பாலும் நிலையானது. உலோகத் தகடுகளை அவற்றின் போக்கிலேயே மென்மையான பிரஷால் துடையுங்கள், கையுறை அவசியம். அறை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் இவ்வகை மெஷின்கள் திணறும். கோடையில் காலையிலோ இரவிலோ ஓட்டுங்கள்.

சென்சார் என்பது டிரம்முக்குள் தெரியும் இரண்டு உலோகப் பட்டைகள். ஈரத்துணி இரண்டையும் ஒருசேரத் தொடும்போது மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் ஈரம் இருப்பது மெஷினுக்குத் தெரியும். மெழுகு படிந்தால் மின்சாரம் கடக்காது. காய்ந்துவிட்டதாக எண்ணி நின்றுவிடும். வினிகர் அல்லது ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். இரண்டே சட்டை போட்டாலும் பட்டையில் சரியாகப் படாமல் இதே கோளாறு வரும். ஜீன்ஸையும் பாலியஸ்டரையும் சேர்த்துப் போடாதீர்கள். நேரம் குறித்து ஓட்டினால் காய்கிறது, தானியங்கியில் மட்டும் காயவில்லை என்றால் சென்சார்தான் காரணம்.

டிரம் சுற்றியும் சூடே இல்லையென்றால், வட அமெரிக்க 240 வோல்ட் டிரையர்களில் முதலில் மின்பெட்டியில் அதற்கான இரட்டை பிரேக்கரைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் துண்டிக்கப்பட்டாலும் டிரம் சுற்றும், ஹீட்டர் எரியாது. அதுவும் சரியென்றால், சூடு அளவு மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ் எரிந்திருக்கலாம். அது பெரும்பாலும் காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறியதால்தான் எரியும். டெக்னீஷியன் புது ஃபியூஸ் போடுமுன் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.