ஹெவி லைசென்ஸ் எடுத்தாச்சு, உள்ளூரில் எந்த வண்டியில் ஏறுவது?

லாரி, டிப்பர் போன்ற கனரக வண்டி ஓட்டும் ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தவருக்குத் திருநெல்வேலிப் பக்கம் வேலைக்குப் பஞ்சமில்லை. ராதாபுரம், பணகுடி பக்கம் குவாரி டிப்பர், தாழையூத்தில் சிமெண்ட் லோடு, கங்கைகொண்டான் சிப்காட்டில் கம்பெனி சரக்கு, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர், களக்காடு ஏர்வாடி பக்கம் வாழைத்தார் ஏற்றும் ஈச்சர் லாரி. நல்ல டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிற நேரம் என்பதால், ஒருத்தருக்கு மூன்று பேர் போன் பண்ணி "நாளைக்கே வந்து வண்டிய எடுடே" என்பார்கள். அவசரம் அவர்களுக்கு. நீங்கள் நாலு நாள் விசாரித்துவிட்டுப் பதில் சொன்னால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது சம்பளக் கணக்கில். ஒரு பேச்சுக்கு இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்வோம். சிமெண்ட் வண்டியில் மாதம் 16,000, வண்டி ஓடுகிற நாளைக்கு 250 ரூபாய் பேட்டா. டிப்பரில் மாதச் சம்பளம் கிடையாது, நடைக்கு, அதாவது ஒரு முறை லோடு கொண்டுபோய் இறக்கினால், 400. டிப்பர் ஓனர் சொல்வார்: "நாளைக்கு நாலு நடை, மாசம் 25 நாள், முழுசா 40,000 நிக்கும்." கேட்கக் காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குவாரியில் வரிசை நீண்டால் நாலு நடை இரண்டாகும். மழை பெய்தால் குவாரிப் பாதை சேறு. நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிப்போவதற்கான அனுமதிச் சீட்டு) வரவில்லை, வண்டி பட்டறையில் நிற்கிறது, சைட்டில் வேலை இல்லை என்று வெறுமனே போகும் நாட்களும் உண்டு. பத்து நாள் நாலு நடை, எட்டு நாள் இரண்டு நடை, மீதி ஒன்றுமில்லை என்று வைத்தால் 22,400 ரூபாய். சிமெண்ட் வண்டி இருபது நாள் ஓடினால் 21,000. வித்தியாசம் இவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிப்பர் கணக்கு இன்னும் இறங்கும். சிமெண்ட் வண்டியில் மாதச் சம்பளம் அசையாது. அதனால் ஓனரிடம் "நல்ல மாசத்துல எவ்வளவு" என்று கேட்காதீர்கள். போன கார்த்திகையில் இந்த வண்டியின் டிரைவர் கையில் எவ்வளவு வாங்கினார் என்று கேளுங்கள்.

நடைக் கூலியில் இன்னொரு சிக்கல், அது காலை ஆக்சிலேட்டரை விட்டு எடுக்கவிடாது. ஐந்தாவது நடைக்கு ஆசைப்பட்டு கிராமத்துச் சாலையில் விரட்டுவது அனுபவசாலிக்கே ஆபத்து. கை பழகாதவருக்குச் சொல்லவே வேண்டாம்.

லைசென்ஸைப் பணயம் வைக்கும் வேலை

லைசென்ஸுக்கே ஆபத்து வரும் வேலைக்கு ஒப்புக்கொள்வதை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். பத்து சக்கர வண்டிக்கு, எடை வரம்பை உயர்த்திய 2018 திருத்தத்துக்குப் பிறகு அனுமதி, வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன். வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் பதினாறு, பதினேழு டன்தான் ஏற்றலாம். ஒரு யூனிட் (நூறு கன அடி) எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், நாலரை முதல் ஐந்து டன் வரும். அதாவது மூன்றரை யூனிட்டுக்கு மேல் போனாலே ஓவர்லோடு. "நம்ம வண்டில எப்பவும் அஞ்சு யூனிட்டுதான் தம்பி" என்று ஓனர் பெருமையாகச் சொன்னால், ஐந்தரை டன்னுக்குக் குறையாமல் கூடுதல் பாரத்தோடு ஓட்டச் சொல்கிறார் என்று பொருள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆறு டன் என்றால் 32,000. நிறுத்தி எடை போடச் சொல்லும்போது நிற்காமல் போனால் 40,000.

பணத்தை ஓனர் கட்டிவிடலாம். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது. சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றுவது லைசென்ஸைத் தற்காலிகமாக முடக்குவதற்கான காரணங்களில் ஒன்றாக மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. லைசென்ஸ் முடங்கிக் கிடக்கும் மாதங்களுக்கு எந்த ஓனரும் சம்பளம் தரமாட்டார்.

நடைச்சீட்டு இல்லாத கனிம லோடு இதைவிட மோசம். ஜல்லி, கிராவல், எம்-சாண்ட் எதுவானாலும் சீட்டில் உள்ள தேதி, நேரம், அளவு, போகும் இடம் நான்கும் வண்டியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வண்டி பறிமுதல், கனிமக் கடத்தல் வழக்கு. ஸ்டியரிங்கில் இருப்பவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் அடிக்கடி வரும் "டிரைவர் கைது, லாரி பறிமுதல்" செய்தியில் ஓனர் எங்கே என்று தேடிப் பாருங்கள். ஒரே சீட்டில் இரண்டு நடை அடிக்கச் சொல்கிற இடம் என்று தெரிந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கவும் வேண்டாம்.

குவாரி வேலையே கூடாது என்று சொல்லவரவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் சாப்பிடுகின்றன. ஆனால் 2022 மே மாதம் முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தது இந்தப் பக்கம் யாருக்கும் மறந்திருக்காது. குழிக்குள் இறங்கி லோடு எடுக்கிற வேலையா, மேலே ஸ்டாக் யார்டில் எடுப்பதா என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

வண்டியைப் பார்க்காமல் ஒப்புக்கொள்வது

பெண் பார்க்கப் போனால் பத்து விஷயம் விசாரிப்போம், வண்டிக்கு ஒன்றும் கேட்பதில்லை. நம்பரை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். செலுத்தாத சலான் எத்தனை நிற்கிறது என்பதையும் ஆன்லைனில் பார்த்துவிடலாம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எப்.சி. வருடா வருடம் வேண்டும். அதை இழுத்தடிக்கும் ஓனர் பிரேக் லைனிங்கையும் இழுத்தடிப்பார்.

நேரில் பார்க்கும்போது ஒன்று செய்யலாம். இன்ஜினைப் போட்டு பிரேக்குக்கான ஏர் முழுக்க ஏறவிடுங்கள். பிறகு ஆஃப் செய்து, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு கேஜ் முள்ளைக் கவனியுங்கள். மிதித்ததும் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றால் சரி. இறங்கிக்கொண்டே போனாலோ, அடியில் எங்கோ "புஸ்" என்று சத்தம் கேட்டாலோ லீக் இருக்கிறது. பின்னால் வெளி டயரை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், தேய்ந்த டயரை உள்பக்கம் போட்டு ஓட்டுவது பழைய வழக்கம்.

"லோக்கல்தான்" என்ற வார்த்தையை நம்பி ஏறுவதும் உண்டு. நீங்கள் வள்ளியூர், நாங்குநேரி, அம்பை என்று நினைத்திருப்பீர்கள். மூன்றாம் நாள் செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேரளா லோடோடு நிற்பீர்கள். எந்தெந்த ஊர், ராத்திரி வீட்டுக்கு வரலாமா, காத்திருக்கும் நேரத்துக்குப் பேட்டா உண்டா, டோலும் இறக்குகூலியும் யார் கையில் இருந்து என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். டீசலும் அப்படித்தான். லோடோடு எவ்வளவு மைலேஜ், காலியாக எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசுங்கள். குவாரியில் இன்ஜின் ஓடியபடி நிற்பதையும் தொட்டி தூக்குவதையும் கணக்கில் சேர்க்காமல் "டீசல் குறையுது" என்று பிடித்தம் செய்வார்கள்.

கங்கைகொண்டான் பக்கம் "கம்பெனி வேலை" என்று சொல்லி வருவதில் பல, கம்பெனிக்கு வண்டி விடும் ஒப்பந்தக்காரரிடம் பார்க்கும் வேலை. அதில் தப்பில்லை. சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும், பி.எப்.புக்கு யு.ஏ.என். என்ற கணக்கு நம்பர் தருவார்களா, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவருக்குத்தான் இ.எஸ்.ஐ. பொருந்தும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் தனி ஓனரிடம் இவை இருக்காது; அங்கே வண்டி இன்சூரன்ஸில் சம்பள டிரைவருக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓனர்-டிரைவர் என்று பாலிசியில் போட்டிருக்கும் 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஓனருக்கானது. அதோடு, தொழிலாளர் துறை வழியாக ஓட்டுநர் நல வாரியத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம்.

சேரும் அன்றே அட்வான்ஸ் வாங்காதீர்கள். அசல் லைசென்ஸை ஓனர் மேஜையில் வைக்கச் சொன்னால் நகல் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் வண்டியே பெரிய டிப்பராக இருக்க வேண்டும் என்ற ஆசையையும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். டாடா 407, ஆறு சக்கர ஈச்சர் என்றால் சம்பளம் குறைவுதான், நண்பர்கள் கேலியும் செய்வார்கள். ஆனால் டவுன் ரதவீதியில் மளிகை லோடோடு ரிவர்ஸ் எடுத்துப் பழகியவருக்கு எந்த குடோனும் பயமில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஹெவி இன்னும் கைக்கு வராதவர்கள்கூட இந்த எடைக்குள் வரும் வண்டிகளில் தொடங்கலாம்.

இரண்டு வேலைக்கு நடுவே மனசு ஊசலாடினால், இரண்டு வண்டியிலும் ஒவ்வொரு நாள் பழைய டிரைவரோடு சும்மா ஏறிப் போய்வாருங்கள். அவர் ஏன் வேலையை விடுகிறார் என்பது ஓனர் முன்னால் வராது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது தானாக வரும். எடை மேடையில் அவர் சீட்டை வாங்கி எங்கே வைக்கிறார், ஓனர் போன் வந்தால் எப்படிப் பேசுகிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கூலி கேட்க வேண்டாம், சாப்பாட்டுக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள்.