மோட்டார்ஹோம் படி நகரவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) கதவைத் திறந்தால் மோட்டாரில் தானாக நீளும் படி வெளியே வரவில்லை, அல்லது பாதி வழியில் நின்று முனகுகிறது. உடனே எல்லோரும் மோட்டாரைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன்.

என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். படிக்கு அடியில் கை விடும்போதெல்லாம் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பவர் கதவைத் தள்ளினாலே படி சட்டென்று நகரும், விரல் நசுங்கிவிடும்.

முதலில் கதவோரம் இருக்கும் படியின் சுவிட்சைப் பாருங்கள். பல மாடல்களில் அதை அணைத்தால் படி நீட்டியபடியே நிற்கும். என்ஜின் சாவியைத் திருப்பிக் கதவைச் சாத்தினால்தான் உள்ளே போகும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அப்புறம் ஃபியூஸ், பேட்டரி.

அடுத்து, மோட்டாரையும் படியையும் இணைக்கும் பின்னைக் கழற்றிப் படியைக் கையால் இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் சேறும் துருவும்தான் காரணம். பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மூட்டுகளில் உலர்வகை டெஃப்லான் ஸ்பிரே அடியுங்கள். கெட்டி கிரீஸை நான் இங்கே பூசுவதில்லை. சாலை மண் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி மூட்டைத் தேய்த்துவிடும்.

கையால் இழுத்தால் லேசாக வருகிறது, பின்னை மாட்டி மோட்டாரில் இயக்கினால் அசையவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில். என்னை ரொம்ப அலைக்கழித்தது இந்த இடம்தான். வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும், படி மட்டும் அசையாது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் துளியளவு. களிம்பு ஏறிய கம்பியில் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் முழு வோல்ட்டும் தெரியும். மோட்டார் பல ஆம்பியர் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அதனால் படியை இயக்கும்போதே அளக்க வேண்டும். ஃபியூஸை மாட்டுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை படியை இயக்கும் கண்ட்ரோல் யூனிட்டின் எர்த் கம்பியில் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). கிளிப் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று, ஒருவரைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை சரியில்லை. ஃபியூஸைத் திரும்பக் கழற்றிவிட்டு, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) இருக்கும் எர்த் போல்ட்டை அவிழுங்கள். வளைய முனையையும் அது உட்காரும் இடத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கனெக்டர் பின்களில் பச்சை படிந்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள்.

மீட்டரே வேண்டாம் என்பவர்களுக்கு 21 வாட் இழை பல்பு ஒன்று போதும். கண்ட்ரோல் யூனிட்டுக்கு வரும் பாசிட்டிவ், எர்த் கம்பிகளுக்கு இடையே மாட்டுங்கள். ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். மங்கலாக எரிந்தால் வயரிங் மோசம். எல்இடி டெஸ்டர் இதற்கு உதவாது.

இதெல்லாம் சரியென்றால் மட்டும் மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் கண்ட்ரோல் யூனிட்டிலிருந்து பிரித்து, ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் கொஞ்ச நேரம் கொடுங்கள். முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் ஓட வேண்டும். ஓடினால் கண்ட்ரோல் யூனிட்டைச் சந்தேகியுங்கள். ஓடாவிட்டால் மோட்டார் போய்விட்டது.

பின்சேர்க்கை: கதவைச் சாத்தியும் படி உள்ளே போகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். கதவில் ஒரு காந்தம், கதவு நிலைச்சட்டத்தில் ஒரு சென்சார் இருக்கும். வேறொரு காந்தத்தை சென்சார் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். படி உள்ளே போனால் வயரிங்கை விட்டுவிட்டுக் கீலைப் பாருங்கள். கதவு தொங்கி, இடைவெளி கூடியிருக்கும்.